உடற்பயிற்சி ஆசான் ஹாரி குரோ பக்

பிறந்த குலத்தாலன்றிப் புரிந்த தொண்டினாலேயே மக்கள் பெரியோராவர் என்பது அறிஞர் கொள்கை. இம்மாதம் நாம் எழுதப் புகுந்தது நம் மரபிலோ நம் தேசத்திலோ பிறவாத ஒருவரது சரித்திரமாம். ஆயினும் சாத்தூர் முதலாய நம் ஊர்களிலே, விசில் ஒலிக்கு ஓடிவந்து ஆடுகளத்தில் நிற்கும் பிள்ளைகள் யாவரும் ஒருவகையில் அவருடைய மாணாக்கரே. அவர்தாம் ஹாரி குரோ பக் துரை.

இவர் 1884-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் பென்சில்வேனியா மாகாணத்திற் பிறந்தார். ஸ்பிரிங்பீல்டு நகரிலே கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார்க்கென ஏற்பட்டிருந்த பயிற்சிக் கலாசாலையிற் கல்வி பயின்றார். கூடைப்பந்து பிறந்த இடம் அக்கலாசாலையே. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பனியினால் வெளியே ஆடவியலாது சலிப்புற்ற மாணவர்பொருட்டு, ஆங்கு ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகளும் வகுத்து அவ்விளையாட்டைத் தோற்றுவித்தார்.

அந்த நெய்ஸ்மித் பின்னர்க் கான்ஸாஸ் சர்வகலாசாலையிற் பயிற்சியாளராயிருந்தபோது பெற்ற வெற்றி 55, தோல்வி 60. அவர்கீழ் ஆடிய மாணவர் பாரஸ்ட் ஆலனோ, அதே சர்வகலாசாலையின் தலைமைப் பயிற்சியாளராகி 590 வெற்றிகள் கண்டார். இதனால் ஆசிரியர் சிறியராயினாரோ? ஆகார். தம்மினும் வல்லாரை ஆக்கியதே அவர் பெருமை. உடல், அறிவு, ஆன்மா என்னும் மூன்றும் ஒருங்கே வளர வேண்டுமென்பது ஸ்பிரிங்பீல்டுக் கலாசாலையின் கோட்பாடு. அக்கோட்பாட்டைத் தமிழ்நாட்டிற்குக் கொணர்ந்தவர் பக் துரை.

அக்காலத்தில் நம் பள்ளிகளில் தேகப்பயிற்சி என்பது பெரும்பாலும் டிரில் ஒன்றே. பட்டாளத்தினின்று நீங்கியோர் பலர் டிரில் வாத்தியாராய் அமர்ந்து, கால் மாற்றி நடப்பதைக் கற்பிப்பர். பிள்ளைகள் அஞ்சி நடப்பர். விளையாட்டினால் நற்குணம் வளருமென்பதும், அதனைக் கற்பிப்போர்க்குத் தனிக் கல்வி வேண்டுமென்பதும் பலர் எண்ணாதவை. இக்குறையை நீக்கக் கருதிய பக் துரை, 1920-ஆம் ஆண்டில் சென்னையில் தேகப்பயிற்சிக் கலாசாலையை நிறுவினார். சிறிதாய்த் தொடங்கிய அது பின்னர்ச் சைதாப்பேட்டையை அடுத்து, இன்று நந்தனம் என வழங்கும் இடத்தில் பரந்த ஆடுகளங்களோடு வளர்ந்தது. மேனாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டுப் பயிற்சிகளுக்கும் அங்கு இடமளித்தார்.

1924-ஆம் ஆண்டில் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் குழுவினர்க்கு மேலாளராய் உடன் சென்றவரும் இவரே. அதன்பின் டாக்டர் நோரென் என்பாருடன் மாகாணந்தோறும் சுற்றி, விளையாட்டுச் சங்கங்கள் அமைய ஊக்கினார். அம்முயற்சியும் சேர்ந்தே 1927-ஆம் ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாக வழி செய்தது. கலாசாலைத் தலைவராகவே உழைத்துவந்த இவர் 1943-ஆம் ஆண்டில் மறைந்தார்.

இனி, இச்சரித்திரத்தால் நாம் கொள்ளற்பாலது யாது? நம் முன்னோர் அடுப்பேற்றும்போதெல்லாம் ஒரு பிடியரிசி ஒதுக்கி வைத்தும், கடைதோறும் மகமை திரட்டியும் பள்ளிகள் கண்டனர். விருதுநகரில் 1889-ஆம் ஆண்டில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை அதற்குச் சான்று. கோயில் வாயில்கள் தமக்கு அடைபட்டிருந்த காலத்தை அறிந்தவர் அவர். ஆடுகளமோ யாவர்க்கும் திறந்த வாயில். பந்துக்குக் குலமில்லை, கூடைக்கும் குலமில்லை. அடுத்த தெருப் பிள்ளையோடு தோள் சேர்ந்து ஆடிய சிறுவன், வளர்ந்தபின் அவனைத் தாழ்வாய் எண்ணான்.

அங்ஙனமிருக்க, பரீட்சை நெருங்கியதும் விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்திற்கு ஈவது முறையாகுமா? பெண்மக்களை ஆடுகளத்தின் ஓரத்தில் நிறுத்தி வேடிக்கை பார்க்கச் செய்வது தகுமா? கடையையும் தொழிலையும் நாளை ஏற்று நடத்த வேண்டிய பிள்ளைகட்குத் தோல்வியைத் தாங்கும் உறுதியும், வெற்றியில் அடங்கும் பண்பும் வேண்டும். அவற்றைப் புத்தகம் மட்டும் தாராது. ஆதலின் நம் அங்கத்தினர் தத்தம் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, ஆடுகளம் உளதா, அதற்குரிய ஆசிரியர் உளரா என வினவுவாராக. இல்லையேல், பிடியரிசி ஒதுக்கிய கைகள் இதற்கும் நீளுக என வேண்டுகின்றோம்.