இதய உறையைத் தைத்த மருத்துவர்

அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில் 1856-ஆம் ஆண்டு ஒரு முடிதிருத்துநரின் மகனாகப் பிறந்தவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ். இளமையிலேயே தந்தையை இழந்து, காலணித் தொழில் கற்க அனுப்பப்பட்டார். பின்னர் ஜேன்ஸ்வில் நகரில் முடிதிருத்திப் பிழைத்தவாறே டாக்டர் ஹென்றி பால்மரிடம் மருத்துவம் பயின்று, 1883-இல் சிகாகோவில் பட்டம் பெற்றார்.

அந்நாளில் கறுப்பின மருத்துவர்க்குப் பெரிய மருத்துவமனைகளில் இடமில்லை. எம்மா ரேனால்ட்ஸ் என்னும் கறுப்பின நங்கையைச் செவிலியர் பள்ளிகள் நிறத்தின் பொருட்டே சேர்க்க மறுத்தன. மனம் பொறாத வில்லியம்ஸ் ஊராரிடம் பொருள் திரட்டி, 1891-இல் பிராவிடன்ட் மருத்துவமனையை நிறுவினார். இனம் பாராது அனைவரையும் ஏற்ற அம்மனையே அவரது தலையாய தொண்டு என்பது எமது கருத்து.

1893 ஜூலையில் ஜேம்ஸ் கார்னிஷ் என்பார் மார்பில் கத்திக்குத்துடன் அங்கே கொண்டுவரப்பட்டார். எக்ஸ்ரே கண்டறியப்படாத காலம். இரத்தம் ஏற்றும் வசதியும் கிடையாது. வில்லியம்ஸ் மார்பைத் திறந்து, துடிக்கும் இதயத்தைச் சூழ்ந்த உறையின் கிழிசலைத் தைத்தார். 51 நாட்களில் கார்னிஷ் நலமுடன் வீடு திரும்பினார். உலகின் முதல் இதய அறுவை இதுவே எனப் பலர் எழுதுவர். 1891-இலேயே செயின்ட் லூயிஸில் ஹென்றி டால்டன் இத்தகைய தையலிட்டுள்ளார். அதனால் இவர் பெருமை குன்றாது.

1894-இல் வாஷிங்டன் ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவரானார். 1898-இல் ஆலிஸ் ஜான்சனை மணந்து சிகாகோ திரும்பினார். மக்கட்பேறு வாய்க்கவில்லை. நாஷ்வில் நகரின் மெகாரி மருத்துவக் கல்லூரிக்கு ஆண்டுதோறும் சென்று ஊதியமின்றி அறுவை மருத்துவம் கற்பித்தார். தாமே எழுப்பிய பிராவிடன்டை விட்டு, கருத்து வேற்றுமையால் 1912-இல் விலக நேர்ந்தது. மறு ஆண்டே அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி தன் முதல் உறுப்பினருள் ஒருவராக அவரை ஏற்றது. மிச்சிகன் மாநில ஐடில்வைல்டில் 1931 ஆகஸ்ட் 4 அன்று காலமானார்.