நைட்டிங்கேலும் வகுக்கும் எண்ணும்

கையில் விளக்கேந்தி இரவில் நோயாளிகளைச் சுற்றிவந்த செவிலியாகவே ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1820-இல் பிறந்து 1910-இல் மறைந்த அவரது நெடிய வாழ்வில், அந்த விளக்கோடு நடந்த காலம் இரண்டாண்டுக்கும் குறைவு. எஞ்சிய ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் புள்ளிவிவரங்களோடு கழித்தார்.

செல்வக் குடும்பத்துப் பெண் செவிலியாவதைப் பெற்றோர் விரும்பவில்லை. அதை மீறியே அவர் அத்துறைக்கு வந்தார். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். 1856-இல் நாடு திரும்பியதும், பிறப்பு - இறப்புப் பதிவுத் துறையின் புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாருடன் சேர்ந்து போர்க்கால இறப்புகளை ஆராயத் தொடங்கினார்.

படையின் அளவு மாதந்தோறும் மாறியதால், இறந்தோரின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு மாதத்தை மற்றொன்றோடு ஒப்பிட இயலாது. எனவே, மாத இறப்பைப் பன்னிரண்டால் பெருக்கி, அந்த மாதப் படையின் சராசரி எண்ணிக்கையால் வகுத்து, ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை இறப்பு என்று கணக்கிட்டனர். புள்ளியியலார் இயல்பாக்கம் என்று கூறுவதன் எளிய வடிவம் இது. 1855 ஜனவரியில் படையில் இருந்தோர் 32,393 பேர். காயங்களால் இறந்தோர் 83 பேர். தொற்றுநோய்களால் இறந்தோரோ 2,761 பேர். நோய்க்கான ஆண்டு விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 1,023! அதே வேகம் நீடித்திருந்தால், புதிய வீரர்களை அனுப்பிக்கொண்டே இருந்தாலும், ஓராண்டில் ஒரு முழுப் படைக்கு நிகரானோர் நோயாலேயே மாண்டிருப்பர்.

போர்க்காலத்தில் இறப்பு இயல்புதானே என்போருக்கு அவர் அமைதிக்காலக் கணக்கைக் காட்டினார். படைவீரர்கள் இளைஞர்கள், பொதுமக்களில் குழந்தைகளும் முதியோரும் உண்டு. ஆகவே, ஒரே வயதினரை மட்டுமே ஒப்பிட்டார். 20 முதல் 25 வயது வரையிலான ஆங்கிலேய ஆண்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 8.4 பேர் இறந்தனர். உள்நாட்டுப் படைமுகாம்களில் அதே வயது வீரர்களில் 17 பேர். உடல் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருமடங்கு இறந்தனர் என்பதை எந்த அமைச்சராலும் மறுக்க முடியவில்லை. 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது.

அவரை வணங்கிப் போற்றும் நூல்கள் விரைந்து கடந்துவிடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மருத்துவமனைகள் குறித்த தம் நூலின் 1863-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஃபார் தொகுத்த ஓர் அட்டவணையை அவர் சேர்த்தார். லண்டனின் 24 மருத்துவமனைகளில் 1861-இல் ஒரு குறிப்பிட்ட நாளில் இருந்த நோயாளிகள் 4,214 பேர். அந்த ஆண்டில் அங்கு இறந்தோர் 3,828 பேர். ஆகவே இறப்பு ஏறத்தாழ 91 விழுக்காடு. நாட்டுப்புற மருத்துவமனைகள் இருபத்தைந்தில் அது 39 விழுக்காடுதான்.

லண்டன் மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு படுக்கையில் ஆண்டுக்குப் பத்து நோயாளிகள் தங்கிச் சென்றால், இறப்பது நூற்றுக்கு ஒன்பது பேர்தான். கடும் நோயாளிகளை ஏற்று விரைவில் அனுப்பிவிடும் மருத்துவமனை, இந்தக் கணக்கில் கொலைக்களமாகத் தோன்றும். ஃபார் தம் முறையை விட்டுக்கொடுக்கவில்லை.

இதில் வியப்பு என்னவெனில், கிரிமியப் படைக்குப் பயன்பட்டதும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஆண்டு முழுவதும் பெரும்பாலும் அதே ஆட்கள் இருக்கும் படைக்கு அது பொருந்தியது. ஆட்கள் மாதந்தோறும் மாறும் படுக்கைக்குப் பொருந்தவில்லை. நோயாளி குணமடையும் வாய்ப்பை அறிய விரும்பும் வாசகர் முன், விளக்கமின்றி விழுக்காட்டை வைத்ததுதான் பிழை என்பேன்.

இந்தப் பூசலைத் தீர்க்கும் தகவலை நைட்டிங்கேல் முன்பே கேட்டிருந்தார். 1860-இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டின் முன் வைக்கப்பட்ட அவரது பொதுப் படிவங்களில், சேர்க்கப்பட்டோர், குணமடைந்தோர், இறந்தோர் ஆகியோரின் எண்ணிக்கையுடன், நோயாளி சராசரியாக எத்தனை நாள் தங்கினார் என்பதற்கும் இடம் இருந்தது. மாநாடு அவற்றை வரவேற்றது. ஆனால், மருத்துவமனைகளில் அந்தப் படிவங்கள் நிலைக்கவில்லை.