வகுப்பறையில் தமிழ் நாடகத்துக்கு இடம் தேடியவர் பரிதிமாற் கலைஞர்

தமிழ் செம்மொழியான வரலாற்றைச் சொல்லும் எவரும் பரிதிமாற் கலைஞரின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. சூரியநாராயண சாஸ்திரி என்ற வடமொழிப் பெயரைத் தமிழாக்கிக்கொண்டவர் என்ற செய்தியும் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் வாழ்ந்த 33 ஆண்டுகளில் பெரும்பகுதி வகுப்பறையில்தான் கழிந்தது. முதலில் மாணவராக, பிறகு ஆசிரியராக. அந்த வகுப்பறையில் ஷேக்ஸ்பியரும் டென்னிசனும் இலக்கியமாக மதிக்கப்பட்டார்கள். தமிழ், தேர்ச்சி பெற்றால் போதும் என்று கருதப்பட்ட இன்னொரு பாடம். இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்க முடியாமல்தான் அவர் நாடகம் எழுதினார், நாடகத்துக்கு இலக்கணம் எழுதினார், கடைசியில் பாடத்திட்டத்தைக் காப்பாற்றப் பல்கலைக்கழகத்தாரின் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

மதுரையை அடுத்து, திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள விளாச்சேரி அவருடைய ஊர். இன்று மண் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற சிற்றூர். அங்கே 1870 ஜூலை 6ஆம் தேதி கோவிந்த சிவனாருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் பிறந்தார். வடமொழியைத் தந்தையிடமே படித்தார். தமிழை மதுரையில் சபாபதி முதலியார் என்ற பெரும்புலவரிடம் பாடம் கேட்டார். ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்தது. ஒரே பையன் மூன்று மொழிகளின் செய்யுளையும் சிறுவயதிலிருந்தே படித்தது பின்னால் அவர் எழுதியவை அனைத்துக்கும் அடிப்படையாக அமைந்தது.

மதுரையில் எஃப்.ஏ. படித்தார். நம் ஊர்க் கணக்கில் ஆறாம் படிவம் போன்ற படிப்பு அது. பிறகு பி.ஏ. படிக்கச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, நகரின் நடுவே உயர் நீதிமன்றப் பகுதியில் இருந்தது. முதல்வர் வில்லியம் மில்லர் ஸ்காட்லாந்துக்காரர். ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கதையாக மட்டும் நடத்தாமல், மனிதர்களும் நாடுகளும் எங்கே தவறுகின்றன என்று காட்டும் பாடமாக நடத்தியவர். லியர் அரசன் நாடகத்தை இந்திய அரசியலோடு இணைத்து ஒரு நூலே வெளியிட்டார். ஒரு செய்யுள் நாடகத்தை வகுப்பில் வைத்து இவ்வளவு ஆழமாகப் பேச முடியும் என்பதைச் சாஸ்திரியார் கண்டது இவரிடம்தான்.

மில்லரோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. டென்னிசனின் கவிதையில் படகு செல்வதை அன்னத்துக்கு ஒப்பிடும் இடத்தை விளக்கிய மில்லர், இப்படி ஓர் உவமை உங்கள் மொழியில் உண்டா என்று கேட்டாராம். வகுப்பில் எழுந்து நின்ற சாஸ்திரியார், குகன் படகில் இராமனும் சீதையும் இலக்குவனும் கங்கையைக் கடக்கும் கம்பனின் பாடலைச் சொன்னார். அங்கே ஓடம் இள அன்னம் நடப்பதுபோல் போகிறது. கம்பன் டென்னிசனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவன் என்பதும் அந்த வகுப்புக்கு அன்று தெரியவந்தது. கேள்வியை ஆசிரியர் கேட்டதால் விடை கிடைத்தது. கேட்காத வகுப்புகளில் எத்தனை பாடல்கள் வெளியே வராமலே போயிருக்கும்!

1892இல் பி.ஏ. முடித்தார். தமிழிலும் தத்துவத்திலும் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். அதே ஆண்டில்தான் உ.வே.சாமிநாத ஐயர் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்தார். புறநானூறு 1894இல் வந்தது. அதாவது, இன்று நம் பிள்ளைகள் பாடநூலில் சாதாரணமாகப் புரட்டும் நூல்கள், அந்தத் தலைமுறைக்கு ஓலைச்சுவடியிலிருந்து அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

தத்துவத் துறையில் ஆசிரியர் வேலை தர மில்லர் முன்வந்தார். சாஸ்திரியார் தமிழ்த் துறையைக் கேட்டு வாங்கினார். 1893இல் பணியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கல்லூரித் தமிழாசிரியர் என்றால் சம்பளமும் குறைவு, மதிப்பும் குறைவு. ஆங்கிலமும் தத்துவமும் படித்த பட்டதாரி ஒருவர் விரும்பி அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே மாணவர்களுக்குப் புதிய காட்சியாக இருந்திருக்கும்.

வகுப்பு நேரம் அவருக்குப் போதவில்லை. ஆர்வமுள்ள மாணவர்களை வீட்டுக்கு வரவழைத்துப் பாடம் சொன்னார். அவர்களை இயற்றமிழ் மாணவர் என்று அழைத்தார். யாழ்ப்பாணத்து அறிஞர் சி.வை.தாமோதரம் பிள்ளை அவருடைய புலமையைப் பாராட்டித் திராவிட சாஸ்திரி என்ற பட்டம் தந்தார்.

1898இல் கல்லூரிக்கு இன்னொரு தமிழாசிரியர் தேவைப்பட்டார். நேர்காணலுக்கு வந்த வேதாசலம் என்ற இளைஞரிடம் குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டபோது, அஃது எனக்குத் தெரியாது என்று விடை வந்ததாகச் சொல்வார்கள். தேர்வுக் குழுவில் மற்றவர்கள் விழித்தபோது சாஸ்திரியார் மட்டும் சிரித்தாராம். இலக்கணம் படித்தவர்களுக்குப் புரியும். அஃது, எனக்கு, தெரியாது என்ற மூன்று சொற்களுமே குற்றியலுகரத்தில் முடிபவை. அப்படி வேலைக்கு வந்தவர்தான் பிற்காலத்தில் மறைமலை அடிகள் ஆனார்.

இனி நாடகத்துக்கு வருவோம். இயல், இசை, நாடகம் என்று முத்தமிழ் பேசுகிறோம். ஆனால் அன்று ஒரு தமிழாசிரியர் நாடகம் நடத்த நினைத்தால் கையில் எடுக்க நூல் ஏது? தெருக்கூத்தும் கம்பெனி நாடகங்களும் மேடையில் இருந்தன, வகுப்புக்குள் வரவில்லை. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரை பழைய நாடக நூல்கள் சிலவற்றின் பெயரைச் சொல்கிறது. அந்த நூல்களோ மறைந்துவிட்டன. பெ.சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891இல் வெளிவந்து ஒரு வழியைத் திறந்திருந்தது. ஷேக்ஸ்பியரைப் படித்த கையோடு, தமிழில் படிக்க என்ன இருக்கிறது என்று ஒரு மாணவர் கேட்டால், மனோன்மணீயத்துக்கு அடுத்ததாகச் சொல்ல அதிகம் இல்லை.

சாஸ்திரியார் அந்த இடத்தை நிரப்பத் தாமே எழுதத் தொடங்கினார். ரூபாவதி, கலாவதி என்ற இரண்டு நாடகங்களை உரையும் செய்யுளும் கலந்து எழுதினார். ஆங்கில நாடகம்போல் அங்கம், களம் எனப் பிரித்தார். 1897இல் நாடகவியல் வந்தது. நாடகம் என்றால் என்ன, அதன் வகைகள் என்ன, பாத்திரங்கள் எப்படி அமைய வேண்டும் என்பதையெல்லாம் செய்யுளிலேயே சொல்லும் இலக்கண நூல் அது. வடமொழி நாடக மரபையும் ஆங்கில நாடக மரபையும் தமிழ் மரபோடு சேர்த்துப் பார்த்தது.

அவருடைய நாடகங்களில் மானவிசயமே சிறந்தது என்று சொல்லலாம். அதற்குக் காரணம் கதை. சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்தில் சிறைப்படுகிறான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறான். காவலர்கள் உடனே தரவில்லை. காலம் தாழ்த்தி வந்த தண்ணீரைக் கையில் வாங்கியவன் குடிக்காமல் ஒரு பாட்டை எழுதுகிறான். புறநானூற்றின் 74ஆம் பாட்டு அது. சங்கிலியில் கட்டிய நாயைப்போல் வைத்து, இரந்து கேட்ட பிறகு தரப்பட்ட நீரை உண்டு வாழ்வதா என்பது அதன் வேதனை.

அந்தப் பாட்டின் குறிப்பு அவன் உயிர் விட்டதாகச் சொல்கிறது. களவழி நாற்பது பற்றிய செய்தியோ, புலவர் பொய்கையார் சோழனின் போர்க்களத்தைப் பாடி அவனை விடுவித்ததாகச் சொல்கிறது. நண்பனை மீட்க, நண்பனின் படை அழிந்த களத்தையே புகழ்ந்து பாட வேண்டிய நிலை ஒரு புலவனுக்கு! பாடநூலில் சில வரிகளும் ஓர் அடிக்குறிப்புமாக முடிந்துவிடும் இந்தச் செய்தியைச் சாஸ்திரியார் செய்யுள் நாடகமாக விரித்தார். ஒரு பழம்பாட்டைப் பொருள் எழுதி மனப்பாடம் செய்வதற்கும், அதைப் பாடியவன் நிற்கும் சிறைக்குள் நுழைவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் உணர்ந்திருந்தார்.

குறை இல்லாமல் இல்லை. அவருடைய நடை கடினமானது. பாத்திரங்கள் எல்லாரும் புலவர்களாகப் பேசுகிறார்கள். மேடையை விடப் படிப்பறைக்கே பொருந்தும் நாடகங்கள் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்திருக்கலாம். ஆனாலும் அதுவே உண்மை.

கவிதையிலும் இதே தேடல் இருந்தது. ஆங்கிலத்தில் பதினான்கு அடியில் அமையும் சானட் என்ற வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து தனிப்பாசுரத் தொகை என்ற நூலை எழுதினார். ஆசிரியரின் பெயரைப் பார்த்து மதிப்பிடாமல் பாட்டைப் பார்த்து மதிப்பிடட்டும் என்று நினைத்து, அதில் பரிதிமாற் கலைஞர் என்ற புனைபெயரைப் போட்டார். சூரியன் பரிதியானான், நாராயணன் மாலானான், சாஸ்திரி கலைஞரானார். தனித்தமிழ் இயக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்தது இது. ஜி.யு.போப் அந்தப் பாக்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1902இல் பெரிய சோதனை வந்தது. பல்கலைக்கழகப் படிப்பைச் சீரமைக்கும் பேச்சு நாடெங்கும் நடந்த நேரம். சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கிவிட்டு வடமொழியை வைத்துக்கொள்ளும் யோசனை எழுந்தது. வடமொழியை நன்றாகப் படித்த, அந்தண குலத்தில் பிறந்த சாஸ்திரியார் அதை எதிர்த்தார். நண்பர் மு.சி.பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து பல்கலைக்கழக உறுப்பினர்களை நேரில் கண்டு வாதாடினார். இருவரும் முன்பே ஞானபோதினி என்ற இதழில் இணைந்து உழைத்தவர்கள். முயற்சி வென்றது. தமிழ் பாடத்திட்டத்தில் நின்றது.

மலேசியாவில் இந்தச் செய்தியைப் படிப்பவர்களுக்கு 2009 நினைவுக்கு வரும். எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்று வரம்பு வைத்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும்தான் முதலில் விடுபடும் என்று நம் சமூகம் குரல் கொடுத்தது. பிறகு கூடுதலாக இரண்டு பாடங்கள் எடுக்கலாம் என்று அரசு இறங்கிவந்தது. யாரும் வெறுத்து ஒதுக்காமலே, பாட எண்ணிக்கைக் கணக்கில் ஒரு மொழியின் இலக்கியம் வகுப்பைவிட்டு வெளியேறிவிட முடியும்.

அந்த வெற்றிக்குப் பிறகு சாஸ்திரியாருக்கு அதிக நாள் கிடைக்கவில்லை. காசநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. உடல் தளர்ந்தபோதும் எழுதுவதை நிறுத்தவில்லை. தமிழ்மொழியின் வரலாறு என்ற நூல் 1903இல் வந்தது. தமிழ் உயர்தனிச் செம்மொழி என்பதை, உணர்ச்சியை மட்டும் நம்பாமல் காரணம் காட்டி வாதாடியவர் அவர். அதே ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி காலமானார்.

மறைமலை அடிகள் அந்தக் கல்லூரியில் 1911 வரை தமிழ் நடத்தினார். பூரணலிங்கம் பிள்ளை தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1904இல் வெளியிட்டார். மனோன்மணீயம் பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக நிலைத்தது. மானவிசயத்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. பரிதிமாற் கலைஞரின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. 2007இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளிவந்தது. விளாச்சேரியில் அவர் பிறந்த வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது.