குரலால் உயர்ந்த குணச்சித்திர நடிகர்

தலைவன் வேடம் பூண்டோரை உலகம் நெடுங்காலம் நினைவில் கொள்ளும். துணை வேடத்தில் நின்று கதைக்கு உயிரூட்டியோரை விரைவில் மறந்துவிடும். இப்பொதுவிதிக்கு விலக்காய் நின்றவர் ஆங்கில நடிகர் கிளாட் ரெயின்ஸ்.

இவர் 1889 நவம்பர் 10ஆம் நாள் இலண்டன் மாநகரின் கேம்பர்வெல் பகுதியில் பிறந்தார். வறுமை ஒருபுறம்; ரகரம் திருந்தாத நாவும் தெருவழக்குக் கொச்சையும் மறுபுறம். பத்து வயதளவில் மேடையை அடைந்த அவர், நடிகர்களை உரிய நேரத்தில் அழைத்துவரும் ஏவற்சிறுவனாகப் பணியாற்றினார். இச்சிறுவனின் ஆர்வத்தைக் கண்டுகொண்டவர் நாடகப் பெருந்தகை ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ. ஒலிப்புப் பயிற்சிக்கு அவரே பொருளுதவி செய்தார். கொச்சை அகன்றது; குரல் மெருகேறியது.

முதல் உலகப்போரில் படைவீரராகச் சென்றவரை நச்சுப்புகை தாக்க, ஒரு கண் பெரும்பாலும் பார்வை இழந்தது. எனினும் அவர் தளர்ந்தாரல்லர். போருக்குப் பின், ட்ரீ 1904இல் நிறுவிய நாடகக் கலைக்கூடத்திலேயே ஆசிரியரானார். பேசத் தடுமாறிய நா, ஜான் கீல்குட், சார்லஸ் லாட்டன் முதலிய மாணாக்கர்க்குப் பேசக் கற்பித்தது! பெற்ற உதவிக்கு இதனினும் சிறந்த கைம்மாறு உண்டோ?

பின்னர் அமெரிக்கா சென்று நாடகங்களில் நடித்தார். 1933இல் வெளிவந்த 'தி இன்விசிபிள் மேன்' அவருக்குப் புகழ் தேடித்தந்தது. அப்போது அவருக்கு அகவை நாற்பதைக் கடந்திருந்தது. படத்தின் இறுதிக் கணம்வரை அவர் முகம் தோன்றவில்லை, குரலே நடித்தது. 'கேசபிளாங்கா' (1942) படத்தில் காவல் அதிகாரியாகவும், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) படத்தில் பிரித்தானிய அரசியல் அலுவலராகவும் தோன்றினார்.

சிறந்த துணைநடிகருக்கான ஆஸ்கர் விருதுக்கு நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறையேனும் அது கிட்டவில்லை. ஆயினும் மேடை அவரைக் கைவிடவில்லை. 'டார்க்னஸ் அட் நூன்' நாடகத்திற்காக 1951இல் டோனி விருது பெற்றார். 1967 மே 30ஆம் நாள் அமெரிக்காவில் மறைந்தார்.

பிறவிக்குறை ஒருவரின் முடிவன்று. உழைப்பும் உற்றநேரத்து உதவியும் கூடின், குறையே நிறையாகும். மாணவர் முன்னதையும், ஆசிரியரும் பெரியோரும் பின்னதையும் தம் கடனாகக் கொள்ளல் வேண்டும்.