வாய்மொழி மறை தேடிய அன்-ஸ்கி

இரஷ்யப் பேரரசின் வித்தெப்ஸ்க் மாகாணத்தில் 1863இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்த ஷ்லோய்மே ஸன்வில் ராப்போர்ட், அன்-ஸ்கி என்னும் புனைபெயராலேயே உலகறிந்தவர். இளமையில் தம் முன்னோர் நெறியை உதறியவர். தோனெத்ஸ் சுரங்கத் தொழிலாளரிடையே வாழ்ந்தார். பாரிஸில் புரட்சிச் சிந்தனையாளர் லவ்ரோவுக்கு, அவர் 1900இல் மறையும்வரை, செயலாளராயிருந்தார். எழுதியதும் பெரும்பாலும் இரஷ்ய மொழியிலேயே. பெரெட்ஸின் படைப்புகளைப் பயின்ற பின்னரே, தம் தாய்மொழியாகிய இத்திஷின் ஆற்றலை உணர்ந்தார்.

உதறிய உலகினையே தேடி அவர் மீண்டது வியப்புக்குரியது. முதியோர் மறைந்தால் அவர்தம் நெஞ்சிலுள்ள கதையும் பாட்டும் உடன் மறையும் என்ற அச்சமே அவரை உந்திற்று. தாலாட்டையும் பேய்க்கதையையும் வேதத்துக்கு இணையான வாய்மொழி மறையாக அவர் மதித்தார். கின்ஸ்பர்க் பிரபுவின் பொருளுதவியோடு, 1912 முதல் 1914 வரை வொலீனியா, பொடோலியா, கீவ் மாகாணங்களில் ஏறத்தாழ 70 சிற்றூர்களில் அவர் குழு அலைந்தது. இசைவாணர் எங்கல் பாடல்களைப் பதிந்தார். யூடோவின் படம் பிடித்தார். 1,800 கதைகள், 1,500 பாடல்கள், 2,000 நிழற்படங்கள், 500 மெழுகு உருளைகள் என்பது தோராயக் கணக்கு. கருவுறுதல் தொடங்கிச் சாவுக்கு அப்பாலும் நீளும் 2,087 வினாக்களைக் கொண்ட வினாநிரல் ஒன்றும் 1914இல் அச்சாயிற்று. உலகப்போர் மூண்டது, விடைகள் வந்து சேரவில்லை. கலீசியாவில் அல்லலுற்ற யூதருக்குத் துயர்துடைக்கச் சென்ற அவர், அங்குக் கண்ட அழிவை நூலாக்கினார்.

பல ஊர்களில் தொழுகைக்கூடத்தருகே ஒரு கல்லறை உண்டு. 1648ஆம் ஆண்டுப் படுகொலைகளில் மணப்பந்தலிலேயே வெட்டுண்ட மணமக்கள் அங்கு உறங்குவதாக ஊரார் கூறுவர். அக்கல்லறை அவருடைய ‘திப்புக்’ நாடகத்துள் புகுந்தது. மணப்பெண்ணின் உடலில் இறந்த காதலனின் ஆவி குடியேறும் கதை அது. 1918இல் பெத்ரோகிராதை விட்டு வெளியேறியபோது இத்திஷ் மூலம் தொலைந்தது. பியாலிக் செய்த எபிரேய மொழிபெயர்ப்பைக் கொண்டே அதனை மீண்டும் இத்திஷில் ஆக்கினார். மூலம் தன் மொழிபெயர்ப்பின் வழியே மறுபிறவி எடுத்தல் இலக்கிய வரலாற்றில் அரிது.

தம் நாடகம் அரங்கேறியதை அவர் காணவில்லை. 1920 நவம்பர் 8இல் மறைந்தார். டிசம்பர் 9இல் வில்னா குழுவினர் அதனை வார்சாவில் நடித்தனர்.

அவர் திரட்டிய மெழுகு உருளைகள் கீவ் நகர் வெர்னாத்ஸ்கி நூலகத்தில் உள்ளன. பல்லாண்டு வெளியுலகம் அறியாது கிடந்த அவற்றை நூலகத்தார் கணினிவழி மீட்டு ஒலித்தட்டுகளாக்கினர். அவை அடங்கிய யூத நாட்டாரிசைத் தொகுப்பை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. இரைச்சலினூடே அச்சிற்றூர்களின் குரல்கள் இன்றும் கேட்கின்றன. பாடியோருட் பலர் யாரென்பது தெரியவில்லை.