கூடாரம் அமைத்த மருத்துவர்

நோய் ஒருவருக்கு வந்தாலும் துன்பம் குடும்பம் முழுவதற்குமே. இவ்வுண்மையை மருத்துவ முறையாகவே ஆக்கிக் காட்டியவர் டாக்டர் வித்யாசாகர்.

1947-இல் நாடு பிரிந்தபோது பஞ்சாபின் பெரிய மனநல மருத்துவமனை லாகூரில், எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. அங்கிருந்த இந்து, சீக்கிய நோயாளர்கள் 1950-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களை ஏற்றது அமிர்தசரஸ். இடமோ போதவில்லை, ஆட்களோ குறைவு. மனநோயாளியை மதிலுக்குள் விட்டுவிட்டுப் போவதே அந்நாளைய வழக்கம். போனவர் பலர் திரும்பி வந்ததில்லை.

1950-களில் அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த வித்யாசாகர் அவ்வழக்கத்தை மாற்றினார். வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்தார். நோயாளியோடு உறவினரும் தங்கினர். மருந்தும் சிகிச்சையும் ஒருபுறம் நடக்க, மருத்துவர் அவர்களை ஒன்றாக அமர்த்திப் பேசினார். நோய் இன்னதென விளக்கினார். புராண, சமயக் கதைகளை எடுத்துக்காட்டி எளிய மக்களுக்கும் புரியவைத்தார்.

பயன் மூன்று வகையில் விளைந்தது. நோயாளி விரைவில் தேறினார். மனநோய் தீராது என்ற பழைய அச்சம் உறவினரை விட்டு அகன்றது. மனத்தைப் பேணும் வழியைக் கற்றுக்கொண்டே குடும்பம் வீடு திரும்பியது.

நம் வேங்கிக்கால் வழியே பேருந்துகள் செல்லும் வேலூரிலும் இதே நெறி தழைத்தது. 1957-இல் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம், உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்குவதைத் தன் முறையாகவே கொண்டது.

வித்யாசாகர் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. தில்லியில் ஒரு மனநல நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் அவர் பாடத்தை நம் வீடுகள் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை. தேர்வில் தோற்ற மகன் உண்ணாமல் கிடந்தால், உறங்காத மகள் பேச்சைக் குறைத்தால், ஊரார் அறியாமல் மறைப்பதிலேயே நாம் கருத்தாய் இருக்கிறோம். மறைத்த துயரம் முற்றும். பகிர்ந்த துயரம் ஆறும்.

மாணவத் தோழர்களே! அறைத்தோழன் வாடியிருந்தால் அருகில் அமர்ந்து கேளுங்கள். ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் 14416-ஐ நினைவில் வையுங்கள். துன்புறுவோன் தனித்து விடப்படாத இடமெல்லாம் வித்யாசாகரின் கூடாரமே.