அரியணையை அசைத்த எழுதுகோல்

சீனத்துத் தியென்சின் நகரிலே, ஒரு காலத்தில் இத்தாலியர் ஆதிக்கம் செலுத்திய பகுதியிலே, அடுத்தடுத்து இரண்டு வீடுகள் நிற்கின்றன. ஒன்று 1914-ல் எழுந்தது. குடும்பம் வாழ்ந்த வீடு. மற்றொன்று 1924-ல் எழுந்தது. எழுதுவதற்கென்றே கட்டிய வீடு. இன்று இரண்டும் நினைவகம். அங்கே செல்வோர் காண்பது வாளும் கேடயமும் அல்ல, தோழர்களே! புத்தக அலமாரியும் எழுதும் மேசையும்!

அந்த எழுத்து மனைக்குப் பெயர், 'பனிக்கட்டி பருகும் அறை'. விந்தையான பெயர்! காலையிலே அரச கட்டளை பெற்றவன், பொறுப்பின் கவலை உள்ளே நெருப்பாய்ச் சுட, மாலையிலே பனிக்கட்டி பருகினான் என்பது பழஞ்சீனக் கதை. நாட்டுக் கவலை நெஞ்சைச் சுட்டதால் அப்பெயரைச் சூட்டிக்கொண்டவர், லியாங் சிச்சாவ்.

1873-ல் குவாங்துங் மாநிலத்துக் கிராமம் ஒன்றிலே பிறந்தார். 16 வயதிலே மாநிலத் தேர்விலே வெற்றி! பட்டம் பெற்றவர் பதவி தேடுவர். இவரோ ஆசான் தேடினார். காங் யூவெய் என்னும் சீர்திருத்தக்காரரின் மாணவரானார். 1895-ல் ஜப்பானிடம் சீனா தோற்றுத் தலைகுனிந்தபோது, தேர்வெழுதத் தலைநகர் வந்தோரைத் திரட்டி, மன்னனுக்கு மனு தீட்டினர் இருவரும். மறு ஆண்டு ஷாங்காயிலே ஏடு நடத்தினார் லியாங்.

1898-ல் மன்னன் குவாங்சூ செவி சாய்த்தான். கல்வியை மாற்று, தேர்வை மாற்று, நிர்வாகத்தை மாற்று என்று ஆணைகள் பறந்தன. எத்தனை நாள்? 103 நாள்! பேரரசி சீஷீ பாய்ந்தாள். மன்னன் காவலிலே! சீர்திருத்தக்காரர் அறுவரின் தலைகள் மண்ணிலே! லியாங் ஜப்பானுக்குத் தப்பினார். ஆண்டு பதினான்கு அயல்நாட்டு வாழ்வு. பண்டிதர் நடையை உதறி எழுதினார். தடையை மீறி அவர் ஏடுகள் தாயகம் புகுந்தன.

மன்னன் இருக்கட்டும், சட்டம் அவனைக் கட்டட்டும் என்றவர்தான் அவர். 1912-ல் குடியரசு மலர்ந்த பின் திரும்பினார். 1915-ல் குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாய்க்கு முடிசூடும் ஆசை வந்தது. எதிர்த்துக் கட்டுரை தீட்டினார் லியாங். வெளியிடாதிருக்க இரண்டு லட்சம் தர முன்வந்தனர் என்று அவரே பின்னாளில் கூறினார். பணம் திரும்பியது, கட்டுரை வெளிவந்தது! அவருடைய மாணவர் சாய் ஓ, யுன்னான் மாநிலத்திலே படை திரட்டினார். 1916 மார்ச்சிலே முடியாட்சித் திட்டம் கைவிடப்பட்டது.

1917-ல் இன்னும் கடுமையான சோதனை. பழைய மன்னனை மீண்டும் அரியணையேற்றச் சதி. அதிலே பங்கு கொண்டவர் யார்? ஆசான் காங் யூவெய்! ஆசானா, கொள்கையா? நன்றியை நெஞ்சிலே வைத்துக்கொண்டு, கொள்கையின் பக்கம் நின்றார் மாணவர். கண்டன அறிக்கையை எழுதியதும் அவர் கரமே!

1926-ல் பீக்கிங் மருத்துவமனையிலே அவருடைய சிறுநீரகம் ஒன்றை அறுத்தெடுத்தனர். நோயோ தீரவில்லை. மருத்துவர்களைச் சாடினர் நண்பர்கள். லியாங் என்ன செய்தார்? மருத்துவமனைக்காகப் பரிந்து எழுதினார்! தம் ஒருவருக்கு நேர்ந்ததைக் காட்டி, புதிய மருத்துவமே வேண்டாமென்று மக்களைப் பழமையாளர் திருப்பிவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை. 1929 ஜனவரியிலே, 55 வயதிலே மறைந்தார்.

மேடையிலே அறிவியலைப் போற்றுவது எளிது. அறுபட்ட உடலோடு படுத்திருக்கும்போதும் போற்றினாரே, அவரல்லவா சீர்திருத்தக்காரர்!